லிப்ரேஷனுக்குத் தமிழ்ச்சொல்: ‘துளக்கம்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நிலவு தன்னைத்தானே சுற்றிக்கொள்வதும் புவியைச் சுற்றிவருவதும் ஏறத்தாழ 27.3 நாள் என்ற ஒரே கால அளவில் நிகழ்வதால், அதன் ஒரு பக்கமே நமக்குத் தெரிகிறது என்பது பள்ளிப் பாடம். ஆயினும் நிலவுப் பரப்பில் 59 விழுக்காட்டைக் காலப்போக்கில் புவியிலிருந்தே பார்த்துவிடலாம். பாதியைத் தாண்டிய அந்த 9 விழுக்காட்டைக் காட்டித் தருவது லிப்ரேஷன் (libration), அதாவது புவியிலிருந்து பார்க்கையில் நிலவு சற்றே அப்படியும் இப்படியும் ஆடுவதாகத் தெரியும் அசைவு. அதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவின் முந்தைய மடல்களில் ‘துலாவாட்டம்’, ‘முகவாட்டம்’, ‘தோற்ற அசைவு’ ஆகிய சொற்கள் முன்வைக்கப்பட்டன.

சொல்லுக்கு முன் நிகழ்வைப் பிரித்துப் பார்ப்போம். நிலவின் தற்சுழற்சி சீரானது. பாதை நீள்வட்டமாதலால் சுற்றுவேகம் சீரானதன்று. புவிக்கு அண்மையில் விரைந்தும் சேய்மையில் தயங்கியும் அது செல்வதால், சுழற்சி ஒருசமயம் பின்தங்கியும் ஒருசமயம் முந்தியும் நிற்க, கிழக்கு, மேற்கு விளிம்புகளுக்கு அப்பால் ஏறத்தாழ 8 பாகை வரை மாறிமாறித் தெரிகிறது. கிழக்கோரத்திலுள்ள மேர் கிரிசியம் என்னும் கருந்திட்டைப் பைனாகுலரில் தொடர்ந்து கவனித்தால், அது விளிம்பை ஒட்டி ஒடுங்குவதும் உள்ளே தள்ளி அகல்வதும் புலப்படும். நிலவின் அச்சு தன் சுற்றுப்பாதைக்கு 6.7 பாகை சாய்ந்திருப்பதால் வட, தென் துருவங்களும் இவ்வாறே எட்டிப் பார்க்கின்றன. புவியின் சுழற்சி நம்மையே இடம்பெயர்ப்பதால் நாள்தோறும் ஒரு பாகையளவு மாற்றமும் உண்டு.

இவை மூன்றும் வெறும் தோற்றம். நான்காவது அப்படியன்று: நிலவின் உடலே மிகச் சிறிதளவு மெய்யாக ஆடுகிறது. அப்பல்லோ வீரர்கள் வைத்துவந்த எதிரொளிப்பான்களுக்கு லேசர் கற்றையை அனுப்பி அதை அளக்கின்றனர்.

‘தோற்ற அசைவு’ இங்கேதான் உடைகிறது. ‘மெய்யான தோற்ற அசைவு’ என்று எழுத முடியாது. ‘முகவாட்டம்’ என்பதை எவரும் முகம் வாடியதாகவே படிப்பர். நிலவுக்கு என்ன கவலை என்று மாணவர் கேட்பார். ‘துலாவாட்டம்’ லிப்ரேஷனின் இலத்தீன் வேரான libra (துலாக்கோல்) என்பதற்கு நேரானதே, ஆனால் வானியல் நூலில் அச்சொல் துலாம் இராசியை நினைவூட்டாமல் விடாது.

எனவே ‘துளக்கம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். துளங்குதல் அசைதலாகும், மலையின் இயல்பைச் சொல்லும் நன்னூல் ‘துளக்கலாகா நிலை’ என்கிறது. ஒளி என்ற பொருளும் இதற்கு உண்டு என மறுக்கலாம்; இன்றைய வழக்கில் அப்பொருளுக்குத் ‘துலக்கம்’ இருப்பதால் எழுத்தில் குழப்பம் நேராது, பேச்சில் மட்டும் ளகரத்தில் கவனம் வேண்டும். அடைமொழிகளும் இயல்பாகச் சேர்கின்றன: தோற்றத் துளக்கம், மெய்த் துளக்கம், அன்றாடத் துளக்கம்.

கிழக்கு மேற்காக நிகழ்வதை ‘நெட்டாங்குத் துளக்கம்’ எனலாமா, அல்லது பாடநூல் வழக்கை ஒட்டித் ‘தீர்க்கக் கோட்டுத் துளக்கம்’ என்றே வைக்கலாமா என்பதை அறிந்தோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.