நாடகத்துக்குப் பறங்கிக் கவசமும் வாளும்: வாங்கிறதா, இங்கேயே செய்யிறதா?

பாலையூற்றுப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட விளையாட்டுக் கழக ஆண்டு விழாவுக்கு, 1624இல பறங்கியர், அதாவது போர்த்துக்கீசர், திருகோணமலைக் கோணேசர் கோயில் கல்லை எடுத்துக் கோட்டை கட்டின கதையை மேடையேத்தப் போறம். திறந்தவெளி மேடை, இரவு நிகழ்ச்சி. பறங்கிப் படைக்கு எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் இரும்புத் தொப்பி, மார்புக் கவசம், வாள் வேணும்.

கழகத்தில ஒரு அண்ணன், இந்தியாவில டெஹ்ராடூன் பக்கம் செய்யிற முழுக் கவசத்தின்ட படத்தை வைச்சுக்கொண்டு இதைத்தான் எடுக்க வேணும் எண்டு நிக்கிறார். தலையில இருந்து கால் வரைக்கும் இரும்பு, முகத்துக்கும் மூடி. இன்னொருத்தர் சுவரில மாட்டுற ஸ்ரெயின்லெஸ் வாள் மலிவாக் கிடைக்கும் எண்டுறார். சண்டைக் காட்சி ஒண்டு இருக்கு, வாளும் வாளும் மோதத்தான் வேணும். விழா முடிஞ்சா எல்லாம் கழக அறையிலதான் கிடக்கும், அறை கடலுக்குக் கிட்ட. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

உவர்மலையான்:
ஓடர் போட முதல் சுங்கத்தில எழுத்தில கேளுங்க. படத்தையும் கழகக் கடிதத்தையும் சேர்த்துக் குடுங்க. வாள் வந்து இறங்கின பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டு நிண்டா விழா முடிஞ்சிடும். துப்பாக்கி மாதிரி எதையும் வெளியில இருந்து எடுக்கவே நினைக்காதீங்க, மரத்தில செய்யுங்க. ஒத்திகைக்குச் சாமான் கொண்டு போற நாளில பொலிசுக்கும் ஒரு சொல்லுச் சொல்லி வையுங்க. மோட்டார் சைக்கிள்ள வாளோட போறவனை நம்ம ஊரில ஆர் விடுவான்?

பட்டறை மாமா:
தம்பி, நான் கூத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் முடி, வாள், கேடயம் செய்து குடுக்கிறவன். கிறில் கேற் வேலைதான் சோறு போடுது, இது ஆசைக்குச் செய்யிறது.

முதல்ல அந்தச் சுவர் வாள். அதைத் தொடாதீங்க. ஸ்ரெயின்லெஸ் நீட்டு வாளுக்குச் சரிப்படாது. கத்தரிக்கோல், கறிக்கத்தி அளவுக்குச் சரி, மூண்டடி வாளாகி அடி விழுந்தா முறியும், வளையாது. அதை விட மோசம் உள்ள இருக்கிறது. பிடியைக் கழட்டிப் பாருங்க, அலகு பிடிக்குள்ள முழுசா இறங்கி இருக்காது, சின்னக் கம்பி ஒண்டை அலகின்ட அடியில வெல்டிங் பண்ணி நட் போட்டு முறுக்கி இருப்பாங்கள். முறியிறது எப்பவும் அந்த ஒட்டிலதான். அலகு பறந்து சனத்துக்குள்ள போகும். முன் வரிசையில பிள்ளைகள் இருப்பினம்.

உண்மையா அடிபடுற வாள் ஸ்பிரிங் இரும்பில வரும். லொறி ஸ்பிரிங் பட்டை நல்ல இரும்பு, ஆனா அதைச் சூடாக்கி அடிச்சுத் திரும்பச் சரியான பதம் குடுக்கத் தெரிய வேணும். பதம் பிழைச்சா அதுவும் கண்ணாடிதான். வெளிநாட்டில சண்டை நடிக்கிற ஆக்கள் பாவிக்கிற வாளுக்கு விளிம்பு இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு, நுனி உருண்டை, ஒரு கையால பிடிக்கிறது கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் விளிம்பில பிசிர் எழும்பும், அரத்தால தேய்க்காட்டி கையைக் கிழிக்கும். உங்கட பொடியள் மாதக்கணக்கில பழகப் போறாங்களா? இல்லையே. அப்ப இரும்பே வேணாம்.

சண்டைக்குப் பிரம்பு எடுங்க. பிரம்பு முறிஞ்சாலும் நாராத்தான் பிரியும், மூங்கில் மாதிரிக் கூராச் சிலாம்பு எறியாது. நேரான தடிப் பிரம்பை எடுத்து, வெள்ளி ரேப் சுத்தி, தகரத்தில கைக்காப்பு வைச்சா மேடை வெளிச்சத்தில வாள்தான். சத்தம் வராது எண்டு கவலைப்பட வேணாம், கூத்துப் பழக்கிற அண்ணாவியார் சல்லாரித் தாளத்தில போடட்டும், இரும்புச் சத்தத்தை விட நல்லா இருக்கும். தளபதி உருவிக் காட்டுற வாளுக்கு மட்டும் யன்னல் வேலைக்காரரிட்ட அலுமினியப் பட்டை வாங்கி அரைச்சு எடுங்க. அதால ஆரையும் அடிக்கக் கூடாது.

மார்புக் கவசத்துக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு நிலத்தில விரிக்கிற, ஒண்டோட ஒண்டு கோக்கிற நுரைப் பாய் போதும். வெட்டி, வெப்பக் காத்துத் துப்பாக்கியால சூடாக்கி வளைச்சா மார்பு மாதிரியே நிக்கும். சூடு காட்டினா மேல்பக்கம் இறுகும், அதுக்கு மேல மரம் ஒட்டுற பசையைத் தண்ணி கலந்து மூண்டு நாலு தரம் பூசுங்க. காய்ஞ்ச பிறகு முழுக்கக் கறுப்பு. பிறகு வெள்ளிப் பெயின்ரைத் துணியில தொட்டு, ஈரத்தைத் துடைச்சுப்போட்டு மேட்டில மட்டும் தேய்க்க வேணும். முழுக்க வெள்ளி அடிச்சா தகர டின் மாதிரி இருக்கும். கன பேர் கெடுக்கிற இடம் இதுதான்.

தொப்பி மட்டும் இரும்பில செய்யலாம். 1.2 மில்லிமீற்றர் தகடு காணும், இரண்டு பாதியா அடிச்சு நடுவில ஒட்டலாம், ஒட்டின இடத்தைத் தொப்பி உச்சியில எழும்பி நிக்கிற கொண்டை மறைச்சுப்போடும். உள்ளுக்குப் பஞ்சு வைச்சுத் தைச்ச குல்லா கட்டாயம்.

கோட்டைவாசல்:
மாமா வேலையைச் சொல்லிவிட்டார், நான் காலத்தைச் சொல்கிறேன். முகம் மூடிய முழுக் கவசம் இந்தக் கதைக்குப் பொருந்தாது. 1624இல் இங்கே வந்த காலாட்படைக்கு மிஞ்சிப் போனால் மோரியன் தொப்பியும் மார்புத் தகடும்தான். மோரியன் என்றால் நடுவில் உயர்ந்த கொண்டை, முன்னும் பின்னும் படகு போல மேலே தூக்கிய விளிம்பு. இந்த வெயிலில் அதையும் எத்தனை பேர் போட்டிருப்பார்கள்!

இன்னொன்று, பறங்கிப் படையில் பெரும்பகுதி பறங்கியர் அல்லர். லஸ்கரின் எனப்பட்ட உள்ளூர் வீரர்கள்தான். அவர்களுக்கு வெறுங்கால், தலையில் துணி, கையில் ஈட்டியோ வில்லோ திரித் துப்பாக்கியோ. எட்டுப் பேரில் ஐந்து பேரை லஸ்கரின் ஆக்குங்கள். கதைக்கும் அது வலுச் சேர்க்கும்: கல்லைச் சுமந்தவனும் காவல் நின்றவனும் நம்மூர் முகம்தான். தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா. 1630இல் கண்டிப் படையோடு மோதி ஊவாவில் இறந்தவர், அதையும் கடைசியில் கட்டியகாரன் வாயில் வைக்கலாம். துப்பாக்கியில் எரியும் திரி தெரிய வேண்டும், சக்கிமுக்கிக் கல் வைத்ததைப் போட்டுவிடாதீர்கள். ஒல்லாந்தர் 1639இல்தான் கோட்டையைப் பிடித்தார்கள், அவர்களுடைய அகன்ற தொப்பி இந்த மேடைக்கு வரக்கூடாது.

திரைச்சீலை வரைகிறவருக்குக் கோட்டை வாசல் தூணில் உள்ள இரட்டைக் கயல் மீன் சின்னத்தையும் கல்வெட்டையும் காட்டுங்கள்.

பாலையூற்றுப் பொடியன்:
ஐந்து லஸ்கரின் எண்டதும் பொருளாளர் சிரிச்ச சிரிப்பைப் பாக்க வேணும். டெஹ்ராடூன் அண்ணனுக்குத்தான் முகம் விழுந்து போச்சு, தளபதி வேசத்தைக் குடுத்துச் சமாளிச்சிட்டம். மாமா, மூண்டு தொப்பியும் இரும்பிலதான். உப்புக் காத்துக்கு என்ன செய்யிறது? தேங்காய் எண்ணெய் பூசி வைக்கலாமா?

பட்டறை மாமா:
தேங்காய் எண்ணெய் வேணாம், நாள்பட்டா பிசினாகித் தூசி பிடிக்கும், மணக்கும். தையல் மெசின் எண்ணெய் மெல்லிசாப் பூசுங்க, அல்லது தொப்பியைக் கொஞ்சம் சூடாக்கித் தேன்மெழுகு தேய்ச்சு விடுங்க. ஆடி முடிஞ்ச அண்டைக்கு இரவே வேர்வையைத் துடைக்க வேணும், விரல் பட்ட இடத்திலதான் முதல் கறள் பிடிக்கும். குல்லாவைக் கழட்டி வேறயாக் காயப் போடுங்க. தோல் பைக்குள்ள போட்டு மூடாதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு வைச்சு இரும்பைத் தின்னும். அறையின்ட கடல் பக்கச் சுவரை விட்டுட்டு உள்சுவரில ஆணி அடிச்சுத் தொங்க விடுங்க. ஞாயிற்றுக்கிழமை மூண்டு பேரையும் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு வாங்க, தலை அளவு எடுக்க வேணும்.