மறுமொழி: ‘ஹோல்சேல்’ தண்ணீருக்குத் தமிழில் என்ன பெயர்?

தருமபுரியிலிருந்து:

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம். நீர்வளப் பாடத்துக்காக, ஒரு நகரம் தன் குடிநீரை எவ்வாறு திட்டமிடுகிறது என்பதை அமெரிக்காவில் கலிபோர்னிய மாநிலத்திலுள்ள சான் டியேகோ நகரை முன்வைத்து எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். அந்நகரம் நெடுங்காலமாகத் தன் நீரில் பெரும்பங்கை 1944-இல் அமைந்த கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) நீர் ஆணையத்திடம் வாங்குகிறது. அந்த ஆணையமோ, 1928-இல் அமைந்த தென் கலிபோர்னியப் பெருநகர நீர் மாவட்டம் என்னும் நீர் வழங்கும் அமைப்பில் உறுப்பாகச் சேர்ந்து, கொலராடோ ஆற்று நீரை அதனிடமிருந்து பெற்று வந்தது. இரண்டும் ஹோல்சேலர்களே; அதாவது, வீடுகளுக்கு நேரே தராமல், பகிர்ந்தளிக்கும் அமைப்புகளுக்கு நீரை மொத்தமாக விற்பவை. முதல் வரைவில் ‘நீர் மொத்த வியாபாரி’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி, “மேடம், இவர் தண்ணீர் லாரி வைத்திருப்பவரா?” என்று கேட்டார். நம் ஊர்க் கோடைக்காலத்தில் வளர்ந்த பிள்ளை வேறென்ன நினைக்கும்? நல்ல சொல் வேண்டும்.

பாலக்கோட்டிலிருந்து:

அம்மையீர், ‘வியாபாரி’ வடசொல், அது போகட்டும். ‘மொத்தம்’ என்பதும் எனக்கு ஐயத்துக்குரியதே. தெலுங்கில் அன்றாடம் புழங்கும் சொல் அது. ‘மொத்தை’ என்னும் திரட்சிப் பொருளோடு அதை இணைத்துத் தமிழென்று நிறுவுவார் உளர். ஆயின் திரண்ட பொருளைக் குறிக்க நம்மிடம் ‘தொகை’ இருக்கும்போது எல்லையில் நிற்கும் சொல்லை ஏன் அழைக்க வேண்டும்? பாட்டுகள் தொக்கால் எட்டுத்தொகை. நீர் தொக்கால் ‘தொகைநீர்’. கொடுப்பவர் ‘தொகைநீர் வழங்குநர்’. ‘வழங்குனர்’ என்று எழுதிவிட வேண்டா. இயக்குநர், ஓட்டுநர் என்பன போல ‘நர்’ விகுதியே முறை.

ஒசூரிலிருந்து:

ஐயா, இலக்கணத்தில் தொகை என்றால் உருபு மறைந்து நிற்பது. தொகைநீர் என்று எழுதினால், குழாயில் நீர் மறைந்து நிற்கிறது என்று எங்கள் தெருவில் பொருள் கொள்வார்கள். அது பல நாள் உண்மையும்கூட.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்ப்போம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில், காவிரியில் நீரெடுத்துச் சுத்திகரித்து, புளோரைடு மிகுந்த நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கும் குழாய்வழி கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். தெருவுக்குத் தெரு பகிர்வது மாநகராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும். 2013 முதல் நாம் குடிப்பது இந்த இரட்டை ஏற்பாட்டில்தான். ஆகவே ‘வாரியத்திடம் நகராட்சி வாங்குவதுபோல’ என்று தொடங்கினாலே மாணவர்க்குப் பாதி விளங்கிவிடும்.

மறுபாதி, அங்கே இருவரும் சேர்ந்து கணக்குப் பார்ப்பது. கலிபோர்னியாவில் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரிய நகர் நீர் வழங்கல் அமைப்புகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டம் எழுத வேண்டும். வருகிற இருபதாண்டுக்குத் தனக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று நகரம் மேலமைப்புக்கு எழுதிக் கொடுக்கும்; எவ்வளவு தர இயலும் என்று மேலமைப்பு திருப்பிச் சொல்லும். இயல்பான ஆண்டுக்கு மட்டுமன்றி, அடுத்தடுத்து ஐந்தாண்டு வறண்டாலும் தாங்குமா என்றும் காட்ட வேண்டும். வியாபாரி இப்படிக் கணக்குக் காட்டுவாரா? உறுப்பாயுள்ள நகரங்கள், நீர் அமைப்புகள் ஆகியவற்றின் பேராளர்களே அந்த மேலமைப்பை நடத்துகிறார்கள். எனவே ‘அமைப்பு’ என்ற சொல் இடம்பெற்றே தீர வேண்டும். ‘வழங்குநர்’ என்றால் மறுபடியும் ஓர் ஆள் வந்து நிற்பார்.

ஊத்தங்கரையிலிருந்து:

ஏரிப் பாசனத்தில் நீரைப் பங்கிட்ட பணிக்கு ‘நீராணிக்கம்’ என்ற பெயர் இருந்ததே. அதை மீட்டு ‘மண்டல நீராணிக்கம்’ என்று சொன்னால் என்ன?

ஒசூரிலிருந்து:

சொல் அழகாக இருக்கிறது, பொருள்தான் தலைகீழாகிறது. நீராணி நிற்பது மடைவாயில், வயலுக்கு முன்னால். அவர் செய்தது, இன்றைய பேச்சில், சில்லறை வேலை.

பாலக்கோட்டிலிருந்து:

அப்படியானால் ‘பெருநீர் வழங்கல் அமைப்பு’ என்று வைக்கலாமா என எண்ணினேன். பெருநீர் என்றால் கடல் என்று நானே எனக்கு மறுப்பு எழுதிக்கொண்டேன். ‘தொகைநீர்’ என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

தருமபுரியிலிருந்து:

ஒரு சிக்கலை யாரும் தொடவில்லை. கவுண்டி ஆணையம் ஒருபுறம் வாங்குகிறது, மறுபுறம் விற்கிறது. அதன் மேலும் ஓர் அமைப்பு இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் யார் யாருக்குக் கொடுக்கிறார் என்று குழம்புவார்கள். ஆகவே ‘மொத்த நீர் வழங்கல் அமைப்பு’ என்று பொதுச்சொல்லாக வைத்து, தேவைப்படும் இடத்தில் ‘மேல்நிலை’, ‘இடைநிலை’ என்ற அடைகளைச் சேர்க்கிறேன். நீளந்தான், ஆனால் அதே மாணவியிடம் காட்டியபோது, “நம்ம வாரியம் மாதிரி” என்றார்.

ஊத்தங்கரையிலிருந்து:

எனக்கும் உடன்பாடே. இனி நீண்டால் அச்சகம் காத்திராது.

பாலக்கோட்டிலிருந்து:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். அடிக்குறிப்பில், சிறிய எழுத்திலாவது, ‘தொகைநீர் என்றும் வழங்கலாம்’ என ஒரு வரி சேர்க்குமாறு அம்மையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.