உலர் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: ‘தேய்மானம்’ என்று சொல்லி வாரண்டியை மறுக்கிறார்கள்

பொருநைக்கரை (பாளையங்கோட்டை) கேட்கிறார்:

அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம். என்னுடைய கார் ஏழு கியர் கொண்ட உலர் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக். 11 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆகிறது. ஓடியது 41,000 கிலோமீட்டர். வாரண்டி மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை.

இரண்டு மாதமாக ஈரடுக்குப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும் இடத்தில் வண்டி உதறுகிறது. சென்ற மாதம் வனத்துறை அனுமதி பெற்றுக் குடும்பத்தோடு மாஞ்சோலைக்குப் போனோம். மணிமுத்தாறு அணைக்கு மேலே, எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கி நின்று மீண்டும் ஏற முயன்றபோது, கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. கருகிய வாடை அடித்தது. அரை மணி நேரம் நிறுத்திவைத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

சர்வீஸ் சென்டரில் இரண்டு கிளட்ச் பிளேட்டும் போய்விட்டன என்று 1,46,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். கிளட்ச் தேய்மானப் பொருள் என்பதால் வாரண்டியில் வராதாம். போன ஆண்டு பேட்டரியை வெளிக்கடையில் மாற்றியதையும் ஒரு குற்றமாகச் சொல்கிறார்கள். “மலையில் ஓட்டினீர்களா?” என்று வேறு கேட்டார்கள். விளம்பரத்தில் அந்தக் கார் மலை ஏறித்தான் வருகிறது. கிளட்ச் மிதியே இல்லாத வண்டியில் கிளட்சைத் தேய்த்தவன் நான் என்றால் அது எப்படி? இதற்கு வழி உண்டா?

பழைய பட்டறை (தச்சநல்லூர்) பதில்:

அண்ணாச்சி, உங்கள் கோபம் பாதி நியாயம். மீதிப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழைய வகை ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் இருக்கும்; அங்கே விசையைக் கடத்துவது எண்ணெய். ஊர்ந்து போகும்போது அங்கே தகடு உரசித் தேய்வதில்லை. உங்கள் வண்டியில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச். இரண்டும் எண்ணெயில் முங்காதவை, காற்றில்தான் ஆற வேண்டும். அடி அடியாக நகரும்போது, மேனுவல் வண்டியில் நாம் காலால் பிடிக்கும் ‘ஹாஃப் கிளட்சை’ (தகடு முழுதாக ஒட்டாமல் உரசி நிற்கும் நிலையை) இங்கே கணினி பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஏற்றத்தில் பிரேக் மிதிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்து வண்டியைத் தாங்கி நிறுத்தினால், சில நிமிடங்களிலேயே தகடு கொதித்துவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். முன்வண்டியோடு நான்கு கார் நீளம் இடைவெளி விட்டு, ஒரேயடியாக நகர்ந்து, பிரேக் மிதித்து முழுதாக நிற்பதே இதற்கு ஏற்ற பழக்கம்.

இனி உங்கள் பக்கத்து நியாயம். இந்த வகைக் கிளட்ச் தொல்லை ஓட்டுநரின் கைக்குற்றம் மட்டும் என்றால், உற்பத்தியாளர்களே வாரண்டியை நீட்டியிருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் ஃபோகஸ், ஃபியஸ்டா கார்களின் உலர் இரட்டைக் கிளட்சுக்கு 2014-இல் ஏழு ஆண்டு அல்லது 1,00,000 மைல் வரை வாரண்டியை நீட்டியது. அங்கே உதறலுக்கு ஒரு முக்கியக் காரணம் கியர்பாக்ஸ் உள்தண்டின் சீல், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம். அதில் கசிந்த எண்ணெய் உலர்ந்திருக்க வேண்டிய தகட்டில் பட்டு உதறல் வந்தது. அதற்கு முன்பே, 2009-இல், நிசான் தன் சிவிடி (கியர் படிகள் இல்லாத இன்னொரு வகை ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ்களுக்கு அங்கே பத்து ஆண்டு அல்லது 1,20,000 மைல் கொடுத்தது. உங்கள் கம்பெனி வேறு, வண்டி வேறு. ஆனால் தகடு ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் ‘தேய்ந்தது’ என்பதோடு நிறுத்துவது வேலையைப் பாதியில் விடுவதாகும்.

ஆகவே கியர்பாக்ஸைக் கழற்றும்போது நேரில் நில்லுங்கள். தகட்டில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா, நீலம் பாரித்த சூட்டுத்தழும்பு இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுங்கள். எண்ணெய் பட்டிருந்தால் அது சீலின் குற்றம். தேய்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடுகளின் அச்சுப்படியையும் கேட்டு வாங்குங்கள். பேட்டரி வலுவிழந்தால் கியர்பாக்ஸ் கணினி தடுமாறுவது உண்மைதான். ஆனால் நல்ல பேட்டரியை எந்தக் கடையில் மாற்றினால் என்ன?

கொக்கிரகுளம் வக்கீல் பதில்:

மறுப்பை எழுத்தில் வாங்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். வாய்மொழி மறுப்பு நாளைக்கு “நாங்கள் அப்படிச் சொல்லவில்லை” என்று மாறும். எந்த நிபந்தனையின்படி மறுக்கிறீர்கள், அது வாரண்டிப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் சென்டர் உங்கள் புகாரை எழுதும் தாளில், “ஜெர்க்” என்று ஒற்றைச் சொல்லில் எழுதியிருப்பார்கள். உதறல் எந்தக் கியரில், எச்சரிக்கை எந்த நாளில் என்று முழுதாக எழுதச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழ் வந்த விதிகள் ஆகியவற்றின்படி, கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலியிலேயே தாக்கல் செய்யலாம். உங்கள் கார் விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள். அந்தப் புகார் எண் வந்ததுமே இறங்கிவரும் கம்பெனிகளும் உண்டு.

பேட்டரி விஷயத்தில் பயப்பட வேண்டாம். வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்த உத்தரவில், வெளியே பழுது பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்று சொன்னது. அதை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தன என்றாலும், வழக்குக்கு முன் நீங்கள் கம்பெனிக்கு அனுப்பும் நோட்டீஸில் குறிப்பிடத்தக்க உத்தரவுதான்.

ஒன்றில் மட்டும் ஆசை வேண்டாம். புதுக் கார் கேட்காதீர்கள். கிளட்ச் கோளாறு பற்றிய ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2006-இல், வாரண்டி குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான், காரையே மாற்றித் தருவதற்கு அல்ல என்று தீர்ப்பளித்துவிட்டது. பாகம், கூலி, அலைச்சலுக்கு நஷ்டஈடு ஆகியவற்றோடு கோரிக்கையை நிறுத்துங்கள்.

அம்பை ரோடு பதில்:

வக்கீல் அண்ணாச்சி சொன்னது சரி. என் அனுபவம் ஒன்று: எக்ஸ்டெண்டெட் வாரண்டிக்குத் தனியாகப் பணம் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன், பிறகு படித்துப் பார்த்தால் அதிலும் கிளட்ச் பிளேட் விலக்குப் பட்டியலில் இருந்தது. மேனுவல் வண்டிக்கு எழுதிய பட்டியலை ஆட்டோமேட்டிக்குக்கும் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் புத்தகத்தில் ‘கிளட்ச்’ என்று மட்டும் இருக்கிறதா, இரட்டைக் கிளட்சைத் தனியாகச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரியில்தான் வழக்கே நிற்கும்.

பொருநைக்கரை பதில்:

அனைவருக்கும் நன்றி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். விலக்குப் பட்டியலில் வைப்பர் ரப்பருக்கும் பிரேக் பேடுக்கும் நடுவே ‘கிளட்ச் டிஸ்க்’ என்று இருக்கிறது. இரட்டைக் கிளட்ச் என்ற பேச்சே இல்லை. ஆனால் நான்கு பக்கம் தள்ளி, வாரண்டிக்கு உட்பட்டவற்றில் ‘டிரான்ஸ்மிஷன் அசெம்பிளி, உள்பாகங்கள் உட்பட’ என்று அச்சடித்திருக்கிறார்கள். இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் பதில் கேட்டேன். அதுவரை பேசாத சர்வீஸ் மேலாளர் மாலையிலேயே அழைத்து, செவ்வாய்க்கிழமை கம்பெனியின் ஏரியா பொறியாளர் முன்னிலையில் கியர்பாக்ஸைக் கழற்றுவதாகச் சொன்னார். அன்றைக்கு லீவு போட்டிருக்கிறேன். தச்சநல்லூர் அண்ணாச்சிக்கு நேரம் இருந்தால் கூட வாருங்கள். எண்ணெய் ஈரத்தையும் சூட்டுத்தழும்பையும் பிரித்துப் பார்க்க எனக்குக் கண் பழகவில்லை.

பழைய பட்டறை பதில்:

காலை பத்து மணிக்கு வண்ணார்பேட்டையில் நிற்கிறேன். டார்ச் லைட் ஒன்று எடுத்து வாருங்கள்.