கூடுவாஞ்சேரிக்குக் குடிவந்து மிச்சமானது 430 ரூபாய். திரும்பிப் போய்விடலாமா?

நந்திவரம்வாசி
3 நவம்பர் 2025, இரவு 10:40

பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டு எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு வருடம் சென்னைக்குள்ளேயே சைதாப்பேட்டையில் இருந்தோம். வாடகை 13,500. போன வருடம் அக்ரிமெண்ட் முடிந்ததும் ஓனர் 16,000 என்றார், அதற்கேற்ப அட்வான்ஸும் ஏற்றிக் கேட்டார். என் வீட்டுக்காரருக்கு (கணவரைச் சொல்கிறேன், ஓனரை அல்ல) ஒரகடத்தில் வேலை. கம்பெனி பஸ் ஜிஎஸ்டி ரோட்டில்தான் (திருச்சி போகிற ஹைவே) வரும். சரி, இங்கே வந்துவிடலாம் என்று தாம்பரம் தாண்டிக் கூடுவாஞ்சேரியில் 9,000 ரூபாய்க்கு வீடு பிடித்தோம். மாடி, காற்றோட்டம், பெண்ணுக்குத் தனியாக ஒரு அறை. சைதாப்பேட்டையில் இருந்ததைவிட மாதம் 4,500 மிச்சம் என்று நான்தான் பேப்பரில் போட்டுக் காட்டினேன். ஏக்காட்டுத்தாங்கலில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான். என் கணக்கே இப்படித் தப்பும் என்று நினைக்கவில்லை.

வீட்டிலிருந்து ஸ்டேஷன் இரண்டரை கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ 20 ரூபாய். கிண்டியில் இறங்கி ஆபீஸ் போக இன்னொரு ஷேர் ஆட்டோ, 15. போக வர 70. மாதம் 25 நாள் வேலை, 1,750. சைதாப்பேட்டையில் இருந்தபோது வெள்ளை போர்டு பஸ்ஸில் காசில்லாமல் போய் வந்தவள் நான். 2021-இல் பெண்களுக்கு இலவசம் என்று வந்ததிலிருந்து ஆபீஸ் போகப் பர்ஸைத் திறந்ததே இல்லை.

மாதக் கடைசியிலும் ஜிஎஸ்டி வரி கட்டுகிற நாட்களிலும் கிளம்ப லேட்டாகும். ஒன்பது மணிக்கு மேல் ஸ்டேஷனில் இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடையாது. தனி ஆட்டோ 130. மாதம் எட்டு நாளாவது இப்படி ஆகிறது, அதில் கூடுதலாக 880. மீட்டரா? அதைப் பற்றிப் பேசினால் அண்ணன்கள் சிரிக்கிறார்கள். அரசாங்கம் 2013-இல் வைத்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்தக் காசுக்கு இப்போது யார் வருவார் என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் கொடுக்கும் 130-க்கும் ஒரு நியாயம் வேண்டாமா?

போர் தண்ணீர் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் கேன், 40 ரூபாய் வீதம் மாதம் பதினொன்று, 440. கரண்டுதான் பெரிய அடி. ஓனர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். மாதம் 150 யூனிட், 1,350. இதே அளவுக்குச் சைதாப்பேட்டையில் முதல் 100 யூனிட் இலவசம் போக இரண்டு மாதத்துக்கு 700-ஐ ஒட்டித்தான் பில் வரும். ஆக மாதம் ஆயிரம் கூடுதல்.

எல்லாம் கூட்டினால் 4,070. மிச்சம் 430.

இதில் ஏப்ரலில் 868.50 ஆன சிலிண்டரையும் இந்த வருடம் தேங்காய் விற்ற விலையையும் சேர்க்கவில்லை, அது எங்கே இருந்தாலும் அதேதான். (சட்னிக்குப் பொட்டுக்கடலையைக் கூட்டித் தேங்காயைக் குறைத்தேன். பெண் கண்டுபிடித்துவிட்டாள்.)

காலை 7 மணிக்குக் கிளம்பினால் 9 மணிக்கு ஆபீஸ். சாயங்காலம் 6-க்கு விட்டால் வீடு சேர எட்டரை. கிண்டியில் தாம்பரம் லோக்கல் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எங்கள் ஊர் வழியாகப் போகிற செங்கல்பட்டு வண்டிதான் வராது. கூட்டத்தோடு தாம்பரம் வரைக்கும் போய் அங்கே நின்றால், அந்த நேரம் பார்த்துத் தென்மாவட்ட எக்ஸ்பிரஸ் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். தீபாவளிக்கு முந்தின வாரம் தாம்பரத்தில் நாற்பது நிமிடம் நின்றேன்.

அதே சைதாப்பேட்டைப் பக்கம் இப்போது 16,000-க்குக் குறைந்து வீடு இல்லை. 430 ரூபாய்க்காக நாலரை மணி நேரமா, இல்லை அந்தக் கூடுதல் வாடகையைக் கொடுத்துத் திரும்பிவிடுவதா? இப்படி வெளியே போய்த் திரும்பி வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சீசன்டிக்கெட்
4 நவம்பர் 2025, காலை 5:55

அம்மா, நான் சிங்கபெருமாள் கோவில். முப்பத்து நாலு வருடம் இங்கிருந்து கோட்டை ஸ்டேஷனுக்குப் போய் வந்து ரிட்டயர் ஆனவன். கடற்கரை – தாம்பரம் மின்சார வண்டி 2004 வரைக்கும் மீட்டர்கேஜில் ஓடியது, அதிலும் போயிருக்கிறேன்.

உங்கள் கணக்கை இரண்டு முறை படித்தேன். அதில் ரயிலுக்கென்று ஒரு ரூபாய்கூட நீங்கள் எழுதவில்லை, கவனித்தீர்களா? எழுதாமல் விட்டதற்குக் காரணம் அது உங்களை உறுத்தவில்லை. போன ஜூலையில் ரயில் கட்டணத்தை ஏற்றினார்களே, அப்போதும் புறநகர் வண்டியையும் சீசனையும் தொடவில்லை. இருபத்தைந்து கிலோமீட்டர் உங்களைக் கொண்டுவந்து விடுகிற வண்டி வாங்குகிற காசைவிட, கடைசி இரண்டரை கிலோமீட்டருக்கு ஆட்டோ வாங்குகிற காசு பல மடங்கு. ஆகவே நீங்கள் திரும்பிப் போக வேண்டியது சைதாப்பேட்டைக்கு அல்ல, ஸ்டேஷன் பக்கத்துக்கு.

இரண்டு யோசனை. கூடுவாஞ்சேரியிலேயே ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வீடு பாருங்கள். ஆயிரம் ரூபாய் கூடப் போனாலும் ஷேர் ஆட்டோவும் ராத்திரி ஆட்டோவும் சேர்ந்து 1,880 நிற்கும். இல்லையென்றால் கிழக்குத் தாம்பரம். தாம்பரத்துக்குத் தெற்கே மூன்று பாதைதான், அதிலேயே எக்ஸ்பிரஸும் கூட்ஸும் லோக்கலும் போக வேண்டும். நாலாவது பாதைக்கு இப்போதுதான் அனுமதி கிடைத்திருக்கிறது. போட்டு முடிப்பதற்குள் உங்கள் பெண் காலேஜ் முடித்துவிடுவாள்.

கரண்டுக்குத் தனி மீட்டர் போட்டுத் தரச் சொல்லி ஓனரிடம் கேளுங்கள். செலவில் பாதி நான் தருகிறேன் என்று சொன்னால் சில பேர் இறங்கி வருவார்கள்.

ஓஎம்ஆர்பையன்
4 நவம்பர் 2025, காலை 9:20

அக்கா, ரயிலை விட்டுவிட்டு 70வி பார்த்தீர்களா? கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயம்பேடு போகிற பஸ், கத்திப்பாரா தாண்டி ஏக்காட்டுத்தாங்கலிலேயே நிற்கும். கிண்டி ஷேர் ஆட்டோ மிச்சம். மாதம் ஆயிரம் ரூபாய் பாஸ் எடுத்தால் டீலக்ஸிலும் ஏறலாம், ஏசி மட்டும் கிடையாது. ஏசிக்கும் சேர்த்து 2,000 ரூபாய் பாஸ் இந்த வருடம் வந்தது.

ஏசி மின்சார ரயிலும் ஏப்ரலில் விட்டார்களே, குறைந்த கட்டணம் 35, செங்கல்பட்டிலிருந்து பீச் வரைக்கும் 105. என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் வெயில் காலம் முழுக்க அதில்தான் போனார். இறங்கும்போது சட்டை கசங்கவில்லையாம், அதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் சென்னை ஒன் செயலி. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். செப்டம்பரில் வந்தது.

பொன்னேரி_பாசஞ்சர்
4 நவம்பர் 2025, பிற்பகல் 1:15

@ஓஎம்ஆர்பையன் டிக்கெட் ஒன்றாகிவிட்டது தம்பி, நல்லது. வண்டியும் பஸ்ஸும் ஒன்றுக்கொன்று காத்திருக்கிற மாதிரி ஒரு செயலி வந்தால் சொல்லுங்கள்.

அக்கா, உங்கள் பக்கம் மூன்று பாதை இருக்கிறது என்று பெரியவர் சொல்கிறார். எங்களுக்கு அத்திப்பட்டுக்கு வடக்கே இரண்டுதான். நெல்லூர் பக்கம் போகிற வருகிற வண்டி எல்லாம் அதில்தான். ஓரமாக நிறுத்திவிட்டால் ஜன்னல் வழியாகக் கொக்கை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். நான் மண்ணடியில் இரும்புக் கடை. லேட்டாகப் போனால் முதலாளி, ‘பொன்னேரியில் வீடு கட்டினது நீதானே’ என்பார். ஆமாம், நான்தான். கட்டிவிட்டதால் உங்களை மாதிரி கேள்விகூடக் கேட்க முடியாது. வாடகை வீட்டில் இருக்கிற ஒரே சௌகரியம் இதுதான், அனுபவியுங்கள்.

மாடிப்படி
4 நவம்பர் 2025, இரவு 9:05

நான் திரும்பி வந்தவள். மறைமலை நகரில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, போன ஆடி முடிந்ததும் மேற்கு மாம்பலம். அங்கே இரண்டு பெட்ரூம், இங்கே ஒரு ஹால், ஒரு சமையலறை, 15,000. பீரோவை அம்மா வீட்டில் போட்டிருக்கிறேன். பையன் பரீட்சைக்குப் படிக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்திருப்போம், அதுதான் இந்தப் பெயர்.

வருத்தமா என்றால் இல்லை. ஆறரைக்கு வீட்டில் இருக்கிறேன். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. உங்கள் பெண்ணுக்கு அங்கே தனி அறை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் கேட்டீர்களா?

நந்திவரம்வாசி
23 நவம்பர் 2025, பிற்பகல் 4:30

மழையும் மாதக் கணக்குமாக இந்தப் பக்கமே வர முடியவில்லை. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

70வி போய்ப் பார்த்தேன் தம்பி, மூன்று நாள். பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டால் சுகம்தான், ஏக்காட்டுத்தாங்கல் வரைக்கும் எழுந்திருக்க வேண்டாம். ஆனால் முதலில் கிளாம்பாக்கம் போய்ச் சேர வேண்டுமே. ஜிஎஸ்டி ரோட்டுக்கு ஒரு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ஒரு பஸ், அந்தப் பெரிய பஸ் ஸ்டாண்டுக்குள் ஒரு நடை. டீலக்ஸ்தான் முதலில் வரும். வெள்ளை போர்டுக்காக இரண்டை விட்டேன், மூன்றாவதும் டீலக்ஸ். பெருங்களத்தூரில் மழைத் தண்ணீர் தேங்கின அன்று ஆபீஸ் சேர இரண்டு மணி ஐம்பது நிமிடம். மறுநாள் ரயிலுக்கே திரும்பிவிட்டேன்.

@மாடிப்படி பெண்ணிடம் கேட்டேன். ‘சைதாப்பேட்டைக்குப் போனால் என் ரூம் எங்கே இருக்கும்?’ என்றாள். பதில் சொல்லவில்லை. உங்கள் மாடிப்படி என் மனதை விட்டுப் போகவில்லை.

பெரியவர் சொன்ன மாதிரி ஸ்டேஷன் பக்கத்தில் இரண்டு வீடு பார்த்தோம். ஒன்று 11,000, ஆனால் கீழ்த்தளம். ஏரி நிரம்பினால் இந்த ஊரில் தண்ணீர் எங்கே வரும் என்று போன மழைக்கே பார்த்துவிட்டதால் வீட்டுக்காரர் வாசலோடு திரும்பிவிட்டார். இன்னொன்று சைவம் மட்டும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமையை விடுகிறவர்கள் இல்லை.

தனி மீட்டருக்குப் பாதிச் செலவு தருகிறேன் என்று ஓனரிடம் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், அடுத்த நாளே யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கிக்கொள்ளலாம் என்று அவரே வந்தார். அப்படியென்றால் இத்தனை நாள் 9 எதற்கு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. மாதம் 150 ரூபாய் மிச்சம்.

அப்புறம், பெண் பத்தாவது வந்ததிலிருந்து ஸ்கூல் வேனில் போகிறாள், அவள் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் சும்மா கிடந்தது. இருபது வருடமாகச் சைக்கிள் ஏறாதவள் நான். போன ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, யாரும் பார்க்காத நேரமாக, தெருவில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு நாய்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. திங்கள்கிழமையிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிள், ஸ்டாண்டுக்கு ஒரு நாளைக்கு 10 ரூபாய். இந்த வாரம் இரண்டு நாள் மழை, அன்று ஷேர் ஆட்டோ. மற்ற நான்கு நாளில் மிச்சம் 120. வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு இறங்கி, ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டிச் சைக்கிளில் போனேன். அண்ணன்கள் ‘என்னக்கா’ என்றார்கள். பெல் அடித்தேன்.

ஒரே ஒரு பிரச்சினை. நெல்லிக்குப்பம் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பியதும் நானூறு அடிக்குத் தெருவிளக்கு இல்லை. பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன், சரிப்படவில்லை. பழைய டைனமோ லைட் இப்போதும் கிடைக்கிறதா? கூடுவாஞ்சேரியிலோ தாம்பரத்திலோ எந்தக் கடையில் கேட்கலாம்?

சீசன்டிக்கெட்
23 நவம்பர் 2025, மாலை 6:10

டைனமோ வேண்டாம் அம்மா, மிதிக்கக் கஷ்டம். சார்ஜ் போடுகிற லைட் வாங்குங்கள், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஸ்டாண்டில் விடும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பெல்லையே விட்டுவைக்க மாட்டார்கள்.