டைல்ஸ் பட்டறையில் மேற்பார்வை கொடுத்திருக்கிறார்கள்: ஆளை முன்னே வைத்து வேலை வாங்குவது எப்படி?

பூக்கல்காரன் (ஆத்தங்குடிப் பக்கம்):

எல்லாருக்கும் வணக்கம், சபை சகோதரர்களுக்கு ஸ்தோத்திரம். ஒரு சின்ன டைல்ஸ் பட்டறையில் கல் (டைல்ஸைத்தான் நாங்கள் கல் என்போம்) போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது முதலாளி என்னையே மேற்பார்வைக்கு வைத்துவிட்டார். நேற்றுவரை அண்ணே, சித்தப்பா என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களிடம் இன்றைக்கு நான் கணக்குக் கேட்க வேண்டும். முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் அவர் சொல்வது ஒன்றுதான்: "கறாராக இரு, இல்லையென்றால் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்." சபையில் கேட்பதோ வேறு. பெரியவனாக இருக்க விரும்புகிறவன் ஊழியக்காரனாக இருக்க வேண்டும் என்று மாற்கு சுவிசேஷம் 10-ல் ஆண்டவர் இயேசு சொன்னது எனக்கு மனப்பாடம். ஆனால் திங்கட்கிழமை காலையில் ஹோட்டல் ஆர்டர் ஒன்று தலைக்கு மேலே நிற்கும்போது அந்த வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது, அதுதான் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்குக் கல் வார்க்கிற கண்ணாடியைத் துடைப்பதிலிருந்து கலர் ஊற்றுவது வரை எல்லாம் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருவர் அங்கேயே வேலை பார்க்கிறார். அச்சு வைக்காமல் கரண்டியாலேயே பூ ஓட்டுகிற கை அது. இப்போது அந்தக் கை கொஞ்சம் நடுங்குகிறது, கோடு கலங்குகிறது, கழிவு அதிகமாகிறது. அவரை நிறுத்திவிடலாமா என்று முதலாளி என்னிடமே கேட்கிறார். அவருக்கு லேசான வேலையாகக் கொடுத்துவிடலாம், தொட்டியிலிருந்து கல்லை எடுத்து வெயிலில் அடுக்குகிற ஆட்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைக்கிறேன். இது சரிதானா? தினமும் நான் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டியவை என்னென்ன? ஜெபம் பண்ணு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதை விடாமல் செய்கிறேன்.

தேவகோட்டை டீச்சர்:

தம்பி, கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது, ஆனால் அந்தப் பெரியவர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள். "லேசான வேலை கொடுத்துவிடலாம்" என்று முடிவு செய்துவிட்டீர்கள், அவரிடம் கேட்டீர்களா?

நீங்கள் சொன்ன அதே மாற்கு 10-ஐ இன்னொரு தடவை எடுத்து வாசியுங்கள். சீஷர்களான யாக்கோபும் யோவானும் ஆண்டவருடைய வலதுபக்கமும் இடதுபக்கமும் இடம் கேட்டு வருகிறார்கள். அவர்களிடம் ஆண்டவர் கேட்பது, நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்பது. அப்புறம் நீங்கள் மனப்பாடம் செய்த அந்தப் பகுதி வருகிறது. அதற்கு அடுத்தாற்போலவே எரிகோ வழியோரத்தில் பர்திமேயு உட்கார்ந்திருக்கிறான். குருடன், பிச்சை எடுக்கிறான், அவனுக்கு என்ன வேண்டும் என்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் ஆண்டவர் அவனை அருகே கூப்பிட்டு அதே கேள்வியைத்தான் கேட்கிறார். பதவி கேட்டு வந்த சீஷனுக்கும் வழியோரத்துப் பிச்சைக்காரனுக்கும் ஒரே கேள்வி, ஒரே மரியாதை. ஊழியக்காரனாக இருப்பது என்றால் என்ன என்று நீங்கள் கேட்டதற்கு அந்த அதிகாரமே இப்படிச் செய்து காட்டுகிறது. என்ன வேண்டும் என்று எதிராளியின் வாயிலிருந்து கேட்காமல் நாமே தீர்மானித்துச் செய்கிற நன்மையில் அவருடைய மரியாதை போய்விடுகிறது, பெரியவர்கள் அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

நம் தமிழ்நாட்டு மனிதர், வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மிஷனரிகள் முன்னால் நின்று பேசினார். நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். 2 வருஷத்தில் அவரே இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். அந்த மிஷனரிகள் பள்ளிக்கூடம் கட்டினார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள், நாங்களெல்லாம் அதனால் படித்தவர்கள்தான். ஆனாலும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்கிற உறவு அங்கே குறைவாக இருந்தது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். மேற்பார்வைக்கு வருகிற எவரும் அதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பழக்கம் கேட்டீர்கள். காலையில் வேலை ஆரம்பிக்கும் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொருவர் முகத்தையும் பாருங்கள், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நேற்றுச் சொன்னவரிடம் இன்றைக்கு அதைக் கேளுங்கள். உன் ஆடுகளின் நிலைமையை நன்றாய் அறிந்துகொள் என்று நீதிமொழிகள் 27:23 சொல்வது இதைத்தான். நான் வகுப்பில் இதைத்தான் செய்கிறேன், முகம் வாடி வருகிற பிள்ளை அன்றைக்குக் கணக்குத் தப்பாகப் போட்டால் அது கணக்குப் பிரச்சினை இல்லை.

கூலிக்கு நிற்கிறவன்:

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். சனிக்கிழமை பட்டுவாடா சனிக்கிழமையே நடக்க வேண்டும். அது நடக்காத இடத்தில் நீங்கள் எத்தனை அன்பாகப் பேசினாலும் எங்களுக்குக் காதில் ஏறாது. கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன் கொடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று உபாகமம் 24-ல் இருக்கிறது, யாக்கோபு நிருபம் 5-லும் அதே கூக்குரல்தான். அப்புறம் அட்வான்ஸ் பிடித்தம். கல் கணக்குக்குக் கூலி வாங்குகிறவனிடம் எவ்வளவு பிடித்தீர்கள், பாக்கி எவ்வளவு என்று ஒவ்வொரு வாரமும் அவன் கண் முன்னாலேயே எழுதிக் காட்டுங்கள். முதலாளி பணம் தரத் தாமதமானால் வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுங்கள், சனிக்கிழமை சாயங்காலம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வைக்காதீர்கள். அந்த ஒரு மரியாதைக்கே ஆட்கள் உங்களோடு நிற்பார்கள்.

கானாடுகாத்தான் பெரியவர்:

நான் கிறிஸ்தவன் இல்லை, நகரத்தார் வீட்டுப் பிள்ளை, இருந்தாலும் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. எங்கள் பெரியவர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் பெருக்கி, தண்ணீர் எடுத்து, கணக்குப் பழகி, அடுத்தாளாகி, அப்புறம்தான் மேலாளாக வருவான். அடிமட்டத்திலிருந்து வந்தவனுக்குத்தான் கீழே இருக்கிறவன் படுகிற பாடு தெரியும் என்பதே அந்த ஏற்பாட்டின் பலம். தம்பி, நீங்களும் அப்படி வந்தவர்தான், அதனால் உங்களுக்குத் தகுதி இல்லையோ என்று தயங்க வேண்டாம்.

ஆனால் டீச்சரம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், கொஞ்சம் மாறுபட்டும் சொல்கிறேன். அன்பு என்ற பேரில் மோசமான வேலையைப் பார்த்தும் பேசாமல் இருப்பது அந்த ஆளுக்கே செய்கிற கெடுதல். கலங்கின கல்லை நல்ல கல்லோடு கலந்து அனுப்பினால் வாங்கின வீட்டுக்காரர் திருப்பி அனுப்புவார், அடுத்த ஆர்டர் போகும், கடைசியில் எல்லாருடைய அடுப்பும் அணையும். இந்தக் கல் சரியில்லை என்று அவரிடம் சொல்லத்தான் வேண்டும், எப்படிச் சொல்வது என்பதில்தான் உங்கள் குணம் தெரியும்.

தேவகோட்டை டீச்சர்:

ஐயா சொல்வது முழுக்கச் சரி, நான் அதை விட்டுவிட்டேன். மத்தேயு 18:15-ம் அதைத்தான் சொல்கிறது. சகோதரன் குற்றம் செய்தால் போய், அவனும் நீயும் தனித்திருக்கையில் உணர்த்து. முதல் படி தனியாக, அதற்கப்புறம்தான் சாட்சிகள், அதற்கும் அப்புறம்தான் சபை. பட்டறையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது, முதலில் எல்லார் முன்னாலும் சத்தம், அப்புறம் தனியாகச் சமாதானம்.

ஓரியூர் பக்தர்:

கத்தோலிக்கன், காரைக்குடியில் ஒரு அலுவலகத்தில் ஆட்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. இரவுப் பழக்கம் ஒன்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்கிறேன். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் சபையாருக்கு ஆன்மச் சோதனை என்று ஒன்றை வைத்தார், மதியம் ஒரு தடவை, இரவு ஒரு தடவை. அன்றைய நாளுக்கு முதலில் நன்றி சொல்வது, ஒளி கேட்பது, காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்ப்பது, தவறினதற்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு என்ன என்று தீர்மானிப்பது. நான் நடந்தவற்றைப் பார்க்கும் இடத்தில் ஆட்களின் பேரைப் போட்டுப் பார்க்கிறேன். இன்றைக்கு யாரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை? யார் ஏதோ சொல்ல வந்து நான் போனைப் பார்த்ததால் திரும்பிப் போனார்? ரொம்ப நேரம் வேண்டாம், பாய் விரித்து உட்கார்ந்தால் போதும். அடுத்த நாள் காலையில் டீச்சரம்மா சொன்ன சுற்றை எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

திருவாடானைப் பக்கம் ஓரியூருக்குப் போயிருப்பீர்கள். அங்கே 1693-ல் தலை வெட்டப்பட்ட அருளானந்தரும் (ஜான் டி பிரிட்டோ) இஞ்ஞாசியார் சபைதான். லிஸ்பனில் அரசவையில் வளர்ந்த பிள்ளை, இங்கே வந்து காவி கட்டி, மாமிசம் விட்டு, தமிழ் படித்து, மறவர் நாட்டுக் காட்டுப் பாதையில் நடந்தார். ஜனங்கள் தன்னைப்போல் ஆகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை, தான் மாறினார். முதலாளி கறாராக இரு என்கிறார், சபை பணிவாக இரு என்கிறது என்று கேட்டீர்களே, இரண்டும் சேர்ந்தே இருந்த மனிதர் அவர். கொள்கையில் கழுத்தைக் கொடுக்கும் அளவுக்குக் கறார், சாப்பாட்டிலும் உடையிலும் பேச்சிலும் ஜனங்களுக்காக எதையும் விட்டுக்கொடுக்கிறவர்.

பூக்கல்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பெரியவரிடம் பேசிவிட்டேன். டீக்கடைக்குக் கூட்டிப்போய், இந்த மாதம் கழிவான கல்லைப் பற்றி முதலில் மறைக்காமல் சொன்னேன், அப்புறம் உங்களுக்கு என்ன வேண்டும் சித்தப்பா என்று கேட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். பிறகு ஒரு நாள் அவராகவே வந்தார். வெயிலில் கல் அடுக்குகிற ஆட்களைப் பார்த்துக்கொள்கிற வேலை வேண்டவே வேண்டாம் என்கிறார், நான் நினைத்திருந்தது அதைத்தான். அவர் கேட்டது கலர் கலக்குகிற வேலை. ஆக்சைடு கலர்ப்பொடி எவ்வளவு, சிமெண்ட் எவ்வளவு, ஊறிக் காய்ந்த பிறகு நிறம் எப்படி இறங்கும் என்பது அவருக்குக் கண்ணாலேயே தெரியும், எங்களில் ஒருவருக்கும் அப்படித் தெரியாது. புதிதாக வந்திருக்கிற பையன்கள் இரண்டு பேருக்குக் கரண்டி ஓட்டவும் சொல்லித்தருகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, சொல்லித்தருகிற நேரத்துக்கும் கூலி வேண்டும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். முதலாளி கல் கணக்குக்குத்தான் கூலி தருவார், கற்றுக்கொடுப்பதற்குக் கூலி என்று பட்டறையில் வழக்கமே இல்லை. இதை அவரிடம் எப்படிக் கேட்பது?

கானாடுகாத்தான் பெரியவர்:

கெஞ்சிக் கேட்காதீர்கள், கணக்கோடு போங்கள். நிறம் மாறிப்போனதால் ஒதுக்கின கல் எவ்வளவு, புதுப் பையன்கள் கை பழகாமல் வீணாக்கின கல் எவ்வளவு என்று இந்த வாரமே எழுத ஆரம்பியுங்கள். பெரியவர் கலர் கலக்குகிற வாரத்தில் அது எவ்வளவு குறைகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதுவரை அவருக்குத் தினக்கூலி போடச் சொல்லி ஒரு மாதத் தவணை மட்டும் கேளுங்கள், எந்த முதலாளியும் ஒரு மாதத்துக்கு முடியாது என்று எளிதில் சொல்ல மாட்டார்.

கூலிக்கு நிற்கிறவன்:

முதலாளியிடம் போகும்போது பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேச வேண்டாம்.

பூக்கல்காரன்:

சரி அண்ணே. திங்கட்கிழமை இரண்டு பேருமாகப் போகிறோம். நோட்டு இன்றைக்கே வாங்கிவிட்டேன்.