முன்னாள் மாணவர் நிதி: ஒருவருக்குப் பரிசாகவே தொடர வேண்டுமா?

பார்வதிபுரம் மாணவி (கட்டடக்கலை, ஐந்தாம் ஆண்டு):

எங்கள் கட்டடக்கலைத் துறையின் முன்னாள் மாணவர்கள் ஆண்டுதோறும் 1 லட்சம் ரூபாய் சேர்த்துத் தருகிறார்கள். அந்தத் தொகை முழுவதும் துறையின் வடிவமைப்புப் போட்டியில் முதலிடம் பெறும் ஒருவருக்கே பரிசாகப் போகிறது. இந்த விதியைத் தொடர்வதா மாற்றுவதா என்று முடிவு செய்ய அடுத்த மாதம் நாகர்கோவிலில் கூட்டம் நடக்க இருப்பதால், அதற்கு முன் இங்கே பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பணத்தைப் பத்துப் பங்காக்கி, வேலை தொடங்கும் முன்பே பொருட்செலவுக்கான நல்கையாக மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

சென்ற ஆண்டு நானும் போட்டியிட்டேன். ஆறு ஏ1 தாள்களை வண்ணத்தில் அச்செடுத்து, அவை நனையாமலிருக்கக் குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வடசேரி பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, அந்த அச்சுச் செலவு அம்மா சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடன் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. தோற்றாலும் கவலையில்லை என்று செலவழிக்கக்கூடியவர்களே இப்போட்டியில் முழு மனதோடு இறங்க முடிகிறது.

ஆனால் என்னைவிட என் வகுப்புத் தோழிக்கு நேர்ந்ததைச் சொல்வதே பொருத்தம். பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரையை நம்மில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைச் சேர்த்து இழைத்த தரை என்று வழிவழியாகச் சொல்லப்படுவதை அவள் செய்து பார்க்கத் துணிந்தாள். வீட்டுப் புறவாசலில் ஓரடிச் சதுரமாக ஐந்து தளத்துண்டுகள் வார்த்தாள். முதல் மூன்றும் காய்ந்ததும் விரிசல் விட்டன. நான்காவதன் மேற்பூச்சு ஏடு ஏடாக உரிந்து வந்தது. ஐந்தாவதை வழுவழுப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்தபோது, ஒரு மூலையில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, விரலின் நிழல் தெரியும் அளவுக்குப் பளபளப்பு வந்தது. அதற்குள் போட்டியின் கடைசி நாள் வந்துவிட்டது. ஐந்தையும் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து ஜூரியின் முன் வைத்தாள். "ரெண்டரிங் (வண்ணம் தீட்டிய வடிவமைப்புப் படம்) எங்கே?" என்று கேட்டார்கள். வேறு எதையும் கேட்கவில்லை.

தக்கலைக்காரர் (முன்னாள் மாணவர், கட்டடக்கலைஞர்):

தங்கையின் வருத்தம் நியாயமானது. அந்த ஜூரி கேட்ட கேள்வி தவறான கேள்வி என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கோரிக்கையை நான் எதிர்க்கிறேன். ஏன் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

என் அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. வீட்டில் எனக்கு முன் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. இரண்டாம் ஆண்டில் ஓர் அறக்கட்டளையின் நல்கைக்கு விண்ணப்பித்தேன். இரண்டு பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், ஆங்கிலத்தில் இரண்டு பக்க விளக்கம் வேண்டும், நேர்காணலும் உண்டு என்றார்கள். என் பெயர்கூட அப்போது எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. காரணம் சொல்லாமல் நிராகரித்தார்கள். அதே ஆண்டில், தாளின் பின்புறம் எண் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒரு போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முடிவு வந்த பிறகே நான் யார் என்று விசாரித்தார்கள்.

பெயர் மறைத்த போட்டியின் வலிமை அதுதான். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச்சின்னத்துக்காக நடந்த போட்டிக்கு 1,421 வடிவங்கள் வந்தன. 1981இல் நடுவர்கள் தேர்ந்தெடுத்த 1026ஆம் எண் வடிவத்துக்கு உரியவர், யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்துக்கொண்டிருந்த 21 வயது மாயா லின். பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பெரிய வேலையை யார் கொடுத்திருப்பார்கள்? மேலும், 1 லட்சத்தைப் பத்தாகப் பிரித்தால் ஆளுக்குப் பத்தாயிரம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஒருவர் கையில் மொத்தமாகச் சேர்ந்தால், அவர் ஓராண்டு வேலைக்குப் போகாமல் தமக்கென்று ஒன்றைச் செய்து பார்க்கலாம்.

மயிலாடி வாசகர் (சிற்பக் குடும்பம், நுண்கலைப் பட்டதாரி):

அண்ணன் சொல்லும் பெயர் மறைப்பு தாளில் வரைபவர்களுக்குப் பொருந்தும். கல்லில் பொருந்தாது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரு சிலையின் காதோரச் சுருளைப் பார்த்தே அது யாருடைய உளி என்று சொல்லிவிடுவார்கள். போட்டிக்கு அனுப்ப வேண்டுமானால் அந்தச் சிலையைப் புகைப்படமாக்க வேண்டும். கல்லின் எடையும் குளிர்ச்சியும் புகைப்படத்தில் எங்கே வரும்? நான் படித்த காலத்தில் கல்லை வாங்கி, வண்டி பிடித்து, பட்டறையில் இறக்குவதற்குள்ளேயே கைக்காசு தீர்ந்துபோகும் என்பதால், என்னுடன் படித்த பலரும் களிமண்ணோடும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோடும் நிறுத்திக்கொண்டார்கள். பத்தாயிரம் ரூபாய் அண்ணனுக்குச் சோளப்பொரியாகத் தெரியலாம். எங்களில் ஒருவருக்கு முதல் கல்லை வாங்கித் தரும் தொகை அது.

நம் கண்முன்னே கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையை எண்ணிப் பாருங்கள். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அந்தச் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி, மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஸ்தபதி மரபில் வந்தவர். அவர் வரைந்ததைக் கல்லில் இறக்கியவர்கள் பெயர் தெரியாத ஏராளமான சிற்பிகள். ஒருவரை மட்டும் மேடையேற்றும் பரிசு, இப்படிப் பல கைகள் சேர்ந்து செய்யும் கலைக்கு ஒத்துவராத ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கொச்சியில் 2014 முதல் நடைபெறும் மாணவர் பியனாலே என்ற கலைக் கண்காட்சியில் வேறு வழியைக் கையாள்கிறார்கள். பொறுப்பாளர்கள் கலைக் கல்லூரிகளுக்கு நேரில் சென்று, மாணவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே பார்த்துப் பேசித் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்க்க வருகிறவர் நடந்து வர வேண்டும். வேலையைச் செய்கிறவர் எதற்குச் சுமந்துகொண்டு அலைய வேண்டும்?

கோட்டாறு ஆசிரியர் (ஓய்வு):

நான் பல ஆண்டுகள் ஜூரியில் அமர்ந்தவன் என்பதால், உள்ளே நடப்பதை உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு மாணவரின் ஐந்து மாத உழைப்புக்கு முன் சில நிமிடங்களே நிற்போம். மதிய உணவுக்குப் பின் கண் சோரும். அப்போது நிறம் பளிச்சென்று இருக்கும் தாளின் முன்னால்தான் கால் தானாக நிற்கும். நல்ல வடிவத்தைக் கடந்து சென்றுவிட்டோம் என்று இரவில் படுத்த பிறகு உணர்ந்து எழுந்து உட்கார்ந்த நாள்களும் உண்டு. அந்தத் தளத்துண்டுகளைக் கொண்டுவந்த மாணவிக்கு நேர்ந்தது என்னைப் போன்றவர்களால் நேர்ந்ததே.

இருந்தும், நல்கை என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை ஏற்க முடியவில்லை. ஒருமுறை ஒரு சிறு நல்கைத் திட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒன்பது பேருக்குக் கொடுத்தோம். நான்கு பேர் கடைசிவரை எதையும் கொண்டுவந்து காட்டவில்லை. மற்றவர்கள், கணக்குப் பிரிவு ஜிஎஸ்டி ரசீது கேட்டதால், எந்தக் கடையில் ரசீது கிடைக்குமோ அந்தக் கடையில் கிடைக்கும் பொருளை வாங்கினார்கள். சுண்ணாம்புச் சூளையில் யார் ரசீது தருவார்கள்? ஆகவே தெர்மாகோலும் ஃபோம் பலகையும் குவிந்தன.

மாயா லின் பற்றிய செய்தியில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அவர் அனுப்பியவை மென்மையான பாஸ்டல் வண்ணத்தில் தீட்டிய எளிய ஓவியங்களும் கையால் எழுதிய ஒரு விளக்கமும் மட்டுமே. 1957இல் சிட்னி ஓபரா மாளிகைப் போட்டிக்கு வந்த 233 வடிவங்களில் வென்ற யோர்ன் உட்சனின் வரைபடங்களும் வெறும் விளக்கப்படம் என்று சொல்லுமளவுக்கு எளியவை என நடுவர்களே தங்கள் அறிக்கையில் குறிப்பிட்டார்கள். செலவு என்பது போட்டிக்கு இயல்பான குறையல்ல. நாம் எழுதிய விதியால் வந்த குறை. ஒரே ஒரு ஏ2 தாள், கையால் வரைந்தது, கறுப்பு மையில், என்று விதியை மாற்றினால் பார்வதிபுரம் மாணவி சொல்லும் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

பார்வதிபுரம் மாணவி:

ஐயா இவ்வளவு திறந்த மனதோடு எழுதியதற்கு நன்றி. ஏ2 தாள் விதியை முழுமையாக வரவேற்கிறேன். ஆனால் அது தாள்களுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வைத்தான் சரிசெய்யும். என் தோழியின் வேலை தாளில் அடங்குவது அல்ல. பொருளைக் கையாண்டு, கெடுத்து, மறுபடி செய்து கற்கும் வேலை அது. முடிந்து வென்றதற்கு மட்டுமே பணம் தரும் ஏற்பாட்டில், விரிசல் விட்ட மூன்று துண்டுகளுக்கான செலவை யார் ஏற்பது? அவை விரிசல் விடாமல் ஐந்தாவது வந்திருக்காது.

அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. மாயா லின்னின் பெயர் மறைந்திருந்த வரைக்கும்தான் அவருக்குப் பாதுகாப்பு இருந்தது. உறையைப் பிரித்துப் பெயர் தெரிந்தபின், அவர் ஆசிய வம்சாவளிப் பெண் என்பதையும் மாணவி என்பதையும் சுட்டியே எதிர்ப்புகள் கிளம்பின. பரிசைக் கொடுத்து அனுப்பிவிட்டால் போதாது, அதற்குப் பிறகும் யாராவது உடன் நிற்க வேண்டும் என்பதையே அந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

திருவட்டாறு வாசகி (முன்னாள் மாணவி):

பணத்தைப் பற்றியே பேசுகிறோம். போட்டி யாருடைய வாழ்வுக்குள் நுழைந்து எதை எடுத்துக்கொண்டு வருகிறது என்பதையும் பேச வேண்டும். அகில இந்தியக் கட்டடக்கலை மாணவர் அமைப்பான நாசா நடத்தும் போட்டிகளில், பழைய கட்டடங்களை அளந்து ஆவணப்படுத்துவதற்கென லூயி கான் கோப்பை இருக்கிறது. அதைக் கனவு கண்டு நாங்கள் இருபது பேர், எங்கள் ஊருக்கு அருகில் மரப்பலகைச் சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட ஒரு பழைய வீட்டை இரண்டு வாரம் அளந்தோம். அந்த வீட்டுப் பாட்டி தினமும் எங்களுக்குக் கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கொடுத்தார். பத்தாயத்தின் உள்ளே இறங்கி அளக்க வேண்டும் என்றதும், அதிலிருந்த நெல்லைத் தாமே ஆள் வைத்து அள்ளி வெளியே கொட்டினார். கோப்பை எங்களுக்குக் கிடைக்கவில்லை. வரைபடங்கள் துறையின் அலமாரிக்குப் போயின. அவருக்கு ஒரு பிரதிகூட நாங்கள் கொடுக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின் கூரையைப் பழுதுபார்க்க மூத்தாசாரி உத்தரத்தின் அளவு கேட்டபோது, பாட்டி என் அம்மாவிடம் வந்து, "உன் மகள் எழுதிக்கொண்டு போனாளே, அதில் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

பரிசோ நல்கையோ, எதுவானாலும் அந்தத் தாள்களின் ஒரு பிரதி வீட்டுக்காரருக்குச் சேர வேண்டும் என்ற விதியைக் கூட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

தக்கலைக்காரர்:

அக்கா எழுதியதைப் படித்தபின் சிறிது நேரம் என்னால் ஒன்றும் எழுத முடியவில்லை. அந்த விதியை நானே முன்மொழிகிறேன்.

மயிலாடித் தம்பி ஒருவரை மட்டும் மேடையேற்றுவது பற்றிச் சொன்னதற்குப் பதில் ஆகா கான் கட்டடக்கலை விருதில் இருக்கிறது. 1977இல் நிறுவப்பட்டு மூன்றாண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும் அந்த விருதின் 10 லட்சம் டாலர் பரிசுத் தொகையை, தேர்வாகும் கட்டடங்களுக்கிடையே பகிர்ந்தளிக்கிறார்கள். கட்டடக்கலைஞரோடு கட்டியவரையும் கைவினைஞரையும் கட்டச் சொன்னவரையும் சேர்த்தே சிறப்பிக்கிறார்கள். முடிவெடுக்கும் முன் வல்லுநர்களைக் கட்டடம் இருக்கும் இடத்துக்கே அனுப்பிப் பார்க்கச் செய்கிறார்கள். பாலகிருஷ்ண தோஷி இந்தூரில் அமைத்த ஆரண்யா குடியிருப்பு 1995இல் அவ்விருதைப் பெற்றது. குறைந்த வருவாய்க் குடும்பங்கள் தங்கள் கைக்கு எட்டியபோது தாங்களே அறைகளைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளும்படி அமைந்த குடியிருப்பு அது. இப்படிப் பார்க்கத் தெரிந்த விருது இருக்க முடியும் என்றால், நம் போட்டியையும் அவ்வாறு திருத்தலாமே, ஏன் கைவிட வேண்டும் என்பதே என் வாதம்.

மயிலாடி வாசகர்:

அண்ணன் காட்டும் எடுத்துக்காட்டே என் பக்கம்தான் நிற்கிறது. அங்கே தொகை பகிரப்படுகிறது, பார்ப்பவர் நேரில் போகிறார். நாம் கேட்பதும் அவை இரண்டையும்தான். ஒரு வேறுபாடு உண்டு. ஆகா கான் விருது கட்டி முடித்துப் புழக்கத்துக்கு வந்த கட்டடத்துக்கானது. அதைக் கட்ட வேறு யாரோ முன்பே பணம் போட்டிருக்கிறார்கள். மாணவருக்கு அப்படிப் பணம் போட யாருமில்லை.

கோட்டாறு ஆசிரியர்:

தம்பியின் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் மறுப்பில்லை. நல்கையை ஏற்பதானால் இரண்டு நிபந்தனைகளை வைப்பேன். விண்ணப்பம் தமிழிலும் ஏற்கப்பட வேண்டும், பரிந்துரைக் கடிதம் கூடாது. ரசீதுக்குப் பதிலாக வேலைக் குறிப்பேட்டையே கணக்காக ஏற்க வேண்டும்: எந்த நாளில் எதைக் கலந்தார், எது கெட்டது, ஏன் கெட்டது என்று கையால் எழுதிய குறிப்பேடு. அப்படி எழுதியவர் தோற்றிருந்தாலும் பணம் வீணாகவில்லை என்று நான் கையெழுத்திடுவேன். ஆனால் தொகை முழுவதையும் பிரிப்பதற்கு என் வாக்கு கிடையாது. ஒரு பெரிய பரிசு இருக்கும்போது மாணவர்கள் ஓராண்டு முழுவதும் அதையே பேசிக்கொண்டு, ஒருவர் வேலையை மற்றவர் வந்து எட்டிப் பார்த்து, ஸ்டுடியோவில் இரவெல்லாம் விளக்கெரிவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பார்வதிபுரம் மாணவி:

குறிப்பேட்டை ஏற்கிறேன், ஐயா. என் தோழியிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. பாதிப் பக்கங்களில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு பரிசு, எவ்வளவு நல்கை என்பதில் நாம் உடன்படவில்லை. கூட்டத்தில் நான் பத்துப் பங்கையே கேட்பேன்.

தக்கலைக்காரர்:

கேளுங்கள். விண்ணப்பத்தில் பெயருக்குப் பதில் எண் இருக்கும் என்று எழுதித் தராவிட்டால், கூட்டத்தில் உங்களுக்கு எதிராகத்தான் கை தூக்குவேன்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். உங்கள் தோழி அந்த ஐந்து துண்டுகளையும் குறிப்பேட்டையும் கூட்டத்துக்குக் கொண்டுவரட்டும். பேருந்தில் சுமக்க வேண்டாம், பார்வதிபுரத்துக்கு நான் வண்டி கொண்டு வருகிறேன். முதல் மூன்றுக்கும் சுண்ணாம்பை எத்தனை நாள் நீற்றி வைத்தார், மணலைச் சலித்தாரா என்பதை மட்டும் இப்போதே கேட்டு இங்கே எழுதுங்கள். பழைய வீடுகளின் பூச்சு வேலையில் நானும் இதே விரிசலோடு இரண்டு ஆண்டாகப் போராடிக்கொண்டிருக்கிறேன்.