செம்புக் குளியல் தொட்டி: உள்பக்கம் லாக்கரா, கருக்கிய பழுப்பா, நிக்கலா? இந்த வாரம் சொல்லியாக வேண்டும்

மழைச்சாரல்:
வணக்கம். தரையில் தனியாக நிற்கும் செம்புத் தொட்டி ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறோம். தகடு 1.6 மி.மீ., முழுக்கச் சுத்தியல் தட்டு விழுந்தது. தட்டுவேலை முடிந்துவிட்டது. மேற்பரப்பை எப்படி முடிப்பது என்று கேட்கிறார்கள். மூன்று வழிகள் சொன்னார்கள். கண்ணாடி போல பாலிஷ் செய்து மேலே லாக்கர், அதாவது நிறமில்லாத வார்னிஷ் போன்ற பூச்சு, அடிப்பது. ரசாயனத்தால் பழுப்பாகக் கருக்கி மெழுகு தேய்ப்பது. இல்லையென்றால் வெளியே செம்பாகவே விட்டு, உள்ளே நிக்கல் முலாம்.

எனக்குப் பிடித்தது முதலாவது. அந்தப் புதுச்செம்பின் நிறத்துக்காகத்தான் செம்பையே தேர்ந்தெடுத்தேன். ஆனால் அவர்கள் தந்த லாக்கர் அடித்த மாதிரித் துண்டைக் குளியலறையில் ஈரச் சோப்புப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். மூன்று வாரத்தில் ஒரு ஓரத்திலிருந்து வேர் ஓடினதுபோல கரும்பழுப்புக் கோடுகள். துடைத்தால் போகவில்லை, தேய்த்தாலும் போகவில்லை. தொட்டிக்கும் இதே கதிதானா? எங்கள் தண்ணீர் கடின நீர். கணவர் முதுகுவலிக்காக வெந்நீரில் எப்சம் உப்பு போட்டு உட்காருவார். மகளுக்கு நுரைத்துக் கரையும் குளியல் உருண்டைகள் இல்லாமல் முடியாது.

சம்மட்டி:
கோடு தொடங்கிய ஓரம் வெட்டிய ஓரமா என்று பாருங்கள் அம்மா. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வெட்டுமுனையில் லாக்கர் மெல்லியதாகத்தான் நிற்கும். அங்கே ஈரம் நுழைந்தால் படலத்துக்கு அடியிலேயே நகர்ந்து செம்பைக் கருக்கும். கறை லாக்கருக்குக் கீழே இருப்பதால் மேலே எவ்வளவு தேய்த்தாலும் வராது.

தொட்டியில் வெட்டுமுனை குறைவு, ஆனால் வடிகால் துளையின் விளிம்பு இருக்கிறது. தண்ணீர் கடைசிவரை நிற்கும் இடமும் அதுதான். போதாததற்கு வெந்நீர் ஊற்றினால் செம்பு விரியும், ஆறினால் சுருங்கும். லாக்கர் அதே அளவுக்கு விரிந்து சுருங்குவதில்லை. ஒரு வாளியின் பிடி உரசினாலும் போதும், அங்கிருந்து தொடங்கிவிடும். அப்புறம் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது. உள்பக்கம் முழுவதும் லாக்கரை நீக்கி, மறுபடி பாலிஷ் செய்து, மறுபடி அடிக்க வேண்டும்.

நான் செம்புவேலை செய்பவன். தண்ணீர் நிற்கும் பக்கத்துக்கு லாக்கர் அடிக்கச் சொல்லி வருபவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பழைய_வீடு:
நாங்கள் உள்ளேயும் லாக்கர் அடித்துத்தான் வாங்கினோம். முதல் ஒரு வருடம் பார்க்கவே ஆசையாக இருந்தது. அப்புறம் வடிகாலைச் சுற்றிச் சிலந்திவலை போலக் கோடுகள். கடைசியில் லாக்கர் நீக்கும் திரவம் பூசி, இரண்டு நாள் உட்கார்ந்து உரித்தோம். ஜன்னலைத் திறந்துவைத்தும் அந்த நெடி தாங்கவில்லை. இப்போது வெறும் செம்புதான், தானாகவே பழுத்துவிட்டது. அந்த இரண்டு நாளை நினைத்தால் உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

துலாக்கோல்:
மூன்று வழிகளையும் ஒரே கேள்வியால் பிரிக்கலாம்: கெட்டுப்போனால் யார் சரிசெய்வது? லாக்கரும் முலாமும் கெட்டால் ஆள் வர வேண்டும். பழுப்பு கெட்டால் அது தானே திரும்பி வரும்.

செம்பு காற்றுப் பட்டதும் முதலில் குப்ரஸ் ஆக்சைடு என்ற செம்பழுப்புப் படலத்தைப் போட்டுக்கொள்கிறது. நாளாக நாளாக அது கருக்கும். பட்டறையில் கந்தகக் கலவை பூசிக் கருக்குவது இந்த வேலையைச் சில நிமிடங்களில் முடிப்பதற்காக. பச்சைக் களிம்பு வேறு. அதற்கு ஈரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும், கூடவே கரியமில வாயுவோ உப்போ கந்தகமோ வேண்டும். நியூயார்க் துறைமுகத்தில் 1886இல் திறந்த சுதந்திர தேவி சிலை செம்புத் தகடுதான். கடல்காற்றிலும் மழையிலும் நின்றும் அது முழுக்கப் பச்சையாகப் பல வருடங்கள் ஆயின. குளித்ததும் வடித்துத் துடைக்கும் தொட்டி அப்படிப் பச்சையாகாது. தண்ணீர் தேங்கும் மூலையில் மட்டும் பச்சை எட்டிப்பார்க்கும்.

இப்போது உங்கள் வீட்டுப் பொருட்கள். எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். அது படலத்தை உரிக்காது, ஆனால் அப்படியே காயவிட்டால் வெள்ளைக் கறையாகும். நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். குளியல் உருண்டைதான் சிக்கல். அது நுரைப்பதே சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் சேர்வதால். உருண்டை அடியில் உட்கார்ந்து கரையும் இடத்தில் அமிலம் பழுப்பைக் கரைத்து ரோஜா நிறச் செம்பை வெளியே காட்டிவிடும். ஒரு பீங்கான் கிண்ணத்தில் கரைத்து ஊற்றினால் அந்த வட்டம் விழாது.

கடின நீர் எந்தப் பரப்பிலும் வெள்ளைப் புள்ளி வைக்கும். பளபளப்பில் அது கண்ணைக் குத்தும், பழுப்பில் சற்று ஒளியும். வினிகர் ஊற்றிப் போக்க நினைக்காதீர்கள், புள்ளியோடு பழுப்பும் போய்விடும். மென்மையான துணியால் அன்றன்றே துடைப்பதுதான் வழி.

மழைச்சாரல்:
மிக்க நன்றி. வெட்டிய ஓரமேதான், பார்த்துவிட்டேன். நிக்கல் பற்றி யாரும் சொல்லவில்லையே? என் மாமியார், செம்பு கிருமியைக் கொல்லும், முலாம் போட்டு மூடாதே என்கிறார்.

துலாக்கோல்:
அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் செம்புக் கலவைகளைக் கிருமிகளுக்கு எதிரான பரப்பாகப் பதிவு செய்தது. ஆனால் அது வெறும் செம்புக்குத்தான். லாக்கரோ நிக்கலோ மூடினால் அந்தப் பலன் இல்லை. எப்படியானாலும் தொட்டியைக் கழுவத்தான் வேண்டும்.

நிக்கல் எளிதில் நிறம் மாறாது, சுத்தம் செய்வதும் எளிது. சொரசொரப்பான பொடி மட்டும் ஆகாது, முலாம் தேய்ந்தால் அடியிலுள்ள செம்பு தெரியும். வீட்டில் யாருக்காவது மலிவான கம்மல் போட்டால் காது அரிக்குமா?

மழைச்சாரல்:
மகளுக்கு. காது சிவந்து புண்ணாகிவிடும்.

துலாக்கோல்:
அப்படியென்றால் நிக்கலை விட்டுவிடுங்கள். அந்த அரிப்புக்கு மிகச் சாதாரணமான காரணம் நிக்கல் ஒவ்வாமைதான். உறுதிசெய்யத் தோல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை அவள் அரை மணிநேரம் சாய்ந்து கிடக்கும் பரப்பில் அது வேண்டாம்.

மழைச்சாரல்:
பட்டறையில் பத்து நாள் அவகாசம் கேட்டு, கருக்கிய துண்டு ஒன்று வாங்கி வந்தேன். அதன் மேல் ஈரமாகக் குளியல் உருண்டையை வைத்தேன். எடுத்துக் கழுவினால் சுத்தமான ரோஜா நிற வட்டம்! மனம் உடைந்துவிட்டது. அலசித் துடைத்து ஜன்னலோரம் வைத்தேன். இன்று ஒன்பதாம் நாள். வட்டம் தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது. சுற்றியுள்ள பழுப்பை இன்னும் எட்டவில்லை, ஆனால் அந்த நிறமாற்றமே அழகாக இருக்கிறது. லாக்கர் துண்டின் கோடுகள் இதற்குள் இரண்டு விரல் அகலத்துக்குப் பரவிவிட்டன.

ஆக உள்ளே பழுப்பு. மெழுகு தேய்க்கலாமா? வெளியே மட்டும் பாலிஷும் லாக்கரும் வைத்துக்கொள்ளலாமா? அந்த நிறத்தை முழுதாக விட மனம் வரவில்லை.

சம்மட்டி:
வெளிப்பக்கம் லாக்கர் தாராளமாக வைக்கலாம். அங்கே தண்ணீர் நிற்பதில்லை, நல்ல லாக்கர் பல வருடம் தாங்கும்.

மெழுகு உள்சுவர்களுக்கு மட்டும். தரைக்கு வேண்டவே வேண்டாம், சோப்பு நீர் பட்டால் கால் வழுக்கும். குளிக்கும் வெந்நீர் 40 டிகிரி சொச்சம். தேன்மெழுகே 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால் உருகி ஓடாது. சோப்பால்தான் மெல்ல மெல்லப் போகும், போனால் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீர்கள், அதன் துகள் ஒட்டித் துருப்பிடிக்கும்.

லாக்கர் எங்கே முடிய வேண்டும் என்று பட்டறையில் தெளிவாகச் சொல்லுங்கள். விளிம்பின் மேல்பகுதியில் கை ஊன்றுவீர்கள், தண்ணீரும் வழியும். அங்கே லாக்கர் முடிந்தால் அந்தக் கோட்டிலிருந்தே கருக்கத் தொடங்கும். விளிம்பைச் சுருட்டியிருப்பார்கள் அல்லவா, அந்தச் சுருளின் அடியில் முடிக்கச் சொல்லுங்கள். மேல்விளிம்பு உள்பக்கத்தோடு சேர்ந்து பழுக்கட்டும்.

மழைச்சாரல்:
சுருளின் அடியில். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன் அண்ணா. நாளை கருக்கத் தொடங்குகிறார்கள்.